ராமநாதபுரம் கடலோரம்: காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் படகு ஏறுங்கள்

ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றி ஒரே வாரத்தில் இரண்டு பேர் எழுதினால் இரண்டும் நேரெதிராக இருக்கும். ஒருவர் "கண்ணாடி மாதிரி தண்ணீர், பவளப்பாறை அப்படியே தெரிந்தது" என்பார். மற்றவர் "கலங்கல், அலை, படகே விடவில்லை" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. இந்த மாவட்டத்துக்குக் கடல் இரண்டு: வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்று கொந்தளிக்கும்போது பெரும்பாலும் மற்றது அடங்கிக் கிடக்கும். எந்த மாதத்தில் எந்தக் கரைக்குப் போக வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால், மழைக்கே ஏங்கும் இந்த வறண்ட கடலோரம் தமிழ்நாட்டிலேயே வேறெங்கும் கிடைக்காத கடல்வாழ் உயிர்க்காட்சியைத் தரும். தவறவிட்டால் வெயிலும் மணலும்தான் மிச்சம்.

கணக்கு எளிது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்றில் மன்னார் வளைகுடா புரண்டு எழும். அடி மணல் கலங்கி, இடுப்பளவு தண்ணீரிலேயே உங்கள் கால் உங்களுக்குத் தெரியாது. அப்போது பாக் நீரிணைப் பக்கம் தாம்பாளத் தண்ணீர் போல இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை. வடகிழக்கிலிருந்து காற்றும் மழையும், சில வருடம் புயலும். இப்போது பாக் நீரிணை முரட்டுக் கடல், தெற்குக் கரை அடக்கம். வாடை ஓய்ந்து கச்சான் எழாத இடைவெளி, அதாவது தை பாதியிலிருந்து பங்குனி முடிய, இரண்டு பக்கமும் நல்லவை. பவளப்பாறை பார்க்க வேண்டும் என்றால் இந்த இரண்டரை மாதத்தை விட்டு வேறு மாதத்தில் பணம் செலவழிக்க வேண்டாம்.

மாதத்துக்கு அடுத்தது திதி. இங்கே கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுத்துத் தண்ணீர் கலங்கும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைந்து, மிதந்தபடி அடியில் பார்க்கத் தண்ணீர் தெளியும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று தள்ளிவைக்கும் நாட்கள்தான் கடலுக்குள் பார்ப்பதற்கு நல்ல நாட்கள். இன்னொரு லாபமும் உண்டு: ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பதும் கஷ்டம், பாம்பன் பாலம் தாண்டுவதும் கஷ்டம். அந்த நெரிசலும் சேர்ந்தே தவிர்கிறது.

குந்துகாலும் குருசடைத் தீவும்

ஒரே ஒரு படகுப் பயணத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள். பாம்பன் தீவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கரையிறங்கிய இடம். நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு குருசடைத் தீவுப் பக்கம் போகிறது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். குருசடை அதில் மண்டபம் குழுவைச் சேர்ந்தது. இந்தத் தீவுகளைச் சுற்றி 117 வகைப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் உள்ளவற்றுக்கும் இடைப்பட்ட 'பலனோகுளோசஸ்' என்னும் புழு பாடப்புத்தகத்தில் படித்த பலருக்கு நினைவிருக்கும்; அது வாழும் இடம் என்பதால்தான் தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்களைக் குருசடைக்கு அழைத்து வந்தார்கள்.

தீவுகளில் தனியார் படகில் போய் இறங்குவது சட்டப்படி குற்றம். "நம்ம படகுல கூட்டிட்டுப் போறேன், யாரும் கேக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். பிடிபட்டால் படகுக்காரருக்கும் உங்களுக்கும் சேர்த்தே வழக்கு. வனத்துறைப் படகில் போகும்போது அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கட்டணமும் புறப்படும் நேரமும் மாறக்கூடியவை, காற்று எழுந்தால் சேவையே நிற்கும். ஆகவே முதல் நாள் மாலையே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கச்சான் மாதங்களில் குந்துகாலை நம்பித் திட்டம் போட வேண்டாம், அது தெற்குப் பார்த்த கரை.

காலை முதல் படகுதான் சரி. பதினொரு மணிக்கு மேல் நிலம் சூடேறிக் கடற்காற்று எழும். மேற்பரப்பு சிலிர்த்துவிட்டால் படகிலிருந்து அடியில் இருப்பது தெரியாது. காலை எட்டரை முதல் பத்தரை வரை வெயில் போதுமான உயரத்தில் இருக்கும், காற்றும் எழுந்திருக்காது. துருவம் பிரிக்கும் கறுப்புக் கண்ணாடி, அதாவது 'போலராய்டு' வகை, இருந்தால் எடுத்து வாருங்கள். நீர்ப்பரப்பின் மினுமினுப்பை வெட்டிவிடும். வெறுங்கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் இடத்தில் மான்கொம்புப் பவளத்தின் கிளைகள் தெரியும்.

குருசடையைச் சுற்றிப் பார்க்கும்போது பவளத்தின் மேல் பழுப்பும் பச்சையுமாகத் தடித்த பாசி போர்வை போல் கிடந்தால், அது இயல்பான காட்சி என்று நினைத்துவிடாதீர்கள். கப்பாபைகஸ் என்னும் வெளிநாட்டுக் கடற்பாசி. மூங்கில் மிதவையில் வளர்ப்பதற்காகக் கொண்டுவந்தது. பிய்ந்து வந்த துண்டுகள் பவளத்தில் பற்றி, வெளிச்சத்தை மறைத்துக் கொல்கின்றன. கையால் பிய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை, ஒரு துண்டு தங்கினாலும் மீண்டும் வளரும். அதே போல் சித்திரை, வைகாசியில் பவளம் வெள்ளைவெளேரென்று இருந்தால் அழகு என்று படம் எடுத்துப் போடாதீர்கள். கடல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிகள் வெளியேறிவிடும். பவளம் பட்டினி கிடக்கிறது என்பதற்கான நிறம் அந்த வெள்ளை. 2010-லும் 2016-லும் இந்த வளைகுடாவில் பெரிய அளவில் இப்படி வெளுத்தது; 2016-ல் ஏராளமான பவளம் மீளவே இல்லை.

ஏர்வாடிப் பக்கம் கண்ணாடிப் படகு

கீழக்கரை தாண்டி ஏர்வாடியை ஒட்டிய பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறை நடத்தும் படகுச் சுற்றுலாவுக்குக் குந்துகாலைவிடக் கூட்டம் குறைவு. நீந்தத் தெரியாத வயதானவர்களும் குழந்தைகளும் பவளத்தைப் பார்க்க இதுதான் ஏற்றது, அடியில் கண்ணாடி பதித்த படகு. எந்தக் கண்ணாடிப் படகானாலும் ஏறும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கண்ணாடியின் அடிப்பக்கம். சில நாள் நிறுத்தி வைத்தாலே பாசி படிந்துவிடும். துடைக்காமல் கிளம்பினால் பச்சை மங்கலைத்தான் பார்க்க முடியும். துடைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. இரண்டு, மேற்கூரை. நிழல் இல்லாத படகில் வானம் கண்ணாடியில் பிரதிபலித்து அடியை மறைக்கும். துண்டைத் தலைமேல் போர்த்தி முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனால் இது சரியாகும். படம் எடுக்க நினைப்பவர்கள் கைப்பேசியின் வில்லையைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைக்க வேண்டும், பிளாஷ் அணைந்திருக்க வேண்டும். படகு ஓடும்போது குமிழிகள் அடைத்துக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி மிதக்கவிடும் நேரத்தில்தான் காட்சி. ஆகவே "வேகமாப் போங்கண்ணே" என்று அவசரப்படுத்துவது உங்களுக்கே நட்டம்.

வரும் வழியில் கீழக்கரையில் தொதல் வாங்குங்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிய இனிப்பு. நல்ல தொதலை அமுக்கினால் தேங்காயெண்ணெய் லேசாகக் கசியும், வாயில் கருப்பட்டியின் புகை வாசம் நிற்கும். வெல்லமோ சர்க்கரையோ சேர்த்தது என்றால் நிறம் வெளிறி, வெறும் தித்திப்பாக இருக்கும்.

நீரில் மிதந்து பார்ப்பதற்கு

முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்து பார்க்கும் சேவையைத் தனியார் பலர் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் நடத்துகிறார்கள். தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் (நான்குக்கு மேல் என்றால் வேண்டாம்), வழிகாட்டி கூடவே தண்ணீரில் இறங்குவாரா அல்லது படகில் இருந்து கத்துவாரா, இறங்கும் இடம் பூங்கா எல்லைக்கு வெளியேதானா, காற்றால் ரத்தானால் பணம் திரும்புமா. கடைசிக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் போதாது, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். காற்று எழுந்த நாளிலும் ரத்து செய்யத் தயங்குபவரிடம் போகக் கூடாது. தயங்காமல் "இன்னைக்குக் கடல் சரியில்லை" என்று திருப்பி அனுப்புபவர்தான் நம்பத் தகுந்தவர்.

முகமூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டியிருந்தால் சரி. தண்ணீர் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் வாரை இறுக்காதது இல்லை, அளவுக்கு மீறி இறுக்கியதுதான். ரப்பர் விளிம்பு மடிந்து வழி விடும். அடுத்த காரணம் மீசை. முழுக்க எடுக்க வேண்டாம், மூக்குக்குக் கீழே மேல் விளிம்பில் ஒரு கோடு கத்தரித்தால் முகமூடி தோலோடு ஒட்டி நிற்கும். பனி பிடிக்காமல் இருக்கக் குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு உள்ளே தடவிக் கடல்நீரில் ஒரு முறை அலசுங்கள். கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள முகமூடி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் வந்தும் நிறத் திட்டுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

இங்கே பவளம் கரையோரப் பாறையாக, பல இடங்களில் அரை மீட்டர் முதல் மூன்று மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. ஆழம் குறைவு என்பது வசதி போலத் தோன்றும், உண்மையில் அதுதான் ஆபத்து. பயந்து காலை ஊன்றினால் பவளத்தின் மேல்தான் ஊன்றுவீர்கள். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும் கிளை ஒரு மிதியில் முறியும், உங்கள் காலும் கிழியும். பவளக் கீறல் சீக்கிரம் ஆறாது; நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, உள்ளே துகள் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து போட வேண்டும். ஆகவே இறங்கும் முன் மணல் தரையில் பத்து நிமிடம் மிதந்து பழகுங்கள். முழங்கை வரை நீண்ட சட்டை போதாது, மணிக்கட்டு வரை மூடும் நீச்சல் சட்டை போடுங்கள். வெயிலுக்குப் பூசும் களிம்பைக் குறைக்கலாம். அதில் உள்ள சில வேதிப்பொருள்கள் பவளத்துக்கு நஞ்சு.

நீரோட்டத்துக்கு எதிராகத் தொடங்கி அதோடு திரும்ப வேண்டும். பாம்பன் கால்வாய்க்கு அருகில் மிதக்கவே கூடாது. இரண்டு கடலுக்கும் நடுவிலான அந்த இடுக்கில் ஓட்டம் பலம். கச்சானில் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும், வாடையில் வடக்கிலிருந்து தெற்கே.

பாக் நீரிணைப் பக்கம்

அரியமான், பிரப்பன்வலசை, ராமேஸ்வரம் ஓலைக்குடா ஆகியவை எல்லாம் வடக்குப் பார்த்த கரைகள். அரியமான் குழந்தைகளுக்கு ஏற்றது. சவுக்குத் தோப்பு நிழல், வெகுதூரம் போனாலும் முழங்கால், இடுப்பளவுத் தண்ணீர். நீர் ஸ்கூட்டர்கள் ஓடும் பகுதியிலிருந்து தள்ளி இறங்குங்கள், அவ்வளவுதான். கரையில் கறுத்த நாடா போலக் குவிந்து நாறுவது சாக்கடை இல்லை. கடல் தாழை என்னும் கடல்புல். பாக் நீரிணையின் அடித்தளத்தில் பல இடங்களில் இந்தப் புல்வெளிதான், கடல்பசு எனப்படும் ஆவுளியாவின் மேய்ச்சல் காடும் இதுதான். சுற்றுலாப் படகில் ஆவுளியாவைக் காட்டுவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எண்ணிக்கையில் மிகக் குறைந்த, கூச்சம் மிகுந்த உயிர்.

துடுப்புப் பலகை, கயாக் விட நினைப்பவர்களுக்குக் கச்சான் மாதங்களில் ஒரு பொறி இருக்கிறது. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் அலையே இருக்காது, எண்ணெய் ஊற்றியது போல இருக்கும். அந்த அமைதியை நம்பி இருநூறு மீட்டர் போய்விட்டால் காற்று முதுகில் பிடித்து நடுக்கடலுக்குத் தள்ளும். நின்றபடி துடுப்புப் போடுபவரின் உடம்பே பாய் மாதிரி வேலை செய்யும். அப்படி மாட்டினால் உடனே பலகையில் குப்புறப் படுத்து, கையால் வலித்துக் கரை சேர வேண்டும். பலகையை விட்டுவிட்டு நீந்தவே கூடாது. கால் கயிறு கட்டாமல் பலகை தருபவரிடம் வாடகைக்கு எடுக்காதீர்கள். இதே காற்றுதான் பட்டம் கட்டி நீர்ச்சறுக்கு விளையாடுபவர்களை இங்கே இழுத்து வருகிறது. கோடையில் ஒரு கரை, குளிரில் மறு கரை என்று மாற்றிக்கொள்வார்கள்.

காரங்காடு தனி ரகம். தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்து உள்ளே பிரியும் மீனவர் கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். மாவட்டத்தில் கடலோரச் சுற்றுலாவின் காசு நேராக ஊருக்குள் போகும் இடம் என்பதாலேயே இதற்கு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கத் தோன்றுகிறது. ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் நண்டுச் சூப்பை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தண்ணீர் வற்றிய நேரத்தில் போனால் கயாக் சேற்றில் உரசி நிற்கும், இறங்கித் தள்ளவும் முடியாது. முழங்கால் வரை புதையும் சேறு, அதற்குள் சிப்பி ஓடுகள். பாம்பனுக்கான ஏற்ற இறக்க நேரம் கைப்பேசிச் செயலிகளில் கிடைக்கிறது. அதைத் தோராய வழிகாட்டியாக வைத்து, ஊரில் ஒரு வார்த்தை கேட்டு, தண்ணீர் ஏறும் நேரத்தில் போங்கள். மரத்தடியில் ஆயிரக்கணக்கில் குத்திட்டு நிற்பவை முளைகள் இல்லை, காற்றில்லாச் சேற்றில் மூச்சு விட மேலே நீட்டிய வேர்கள். மிதிக்காதீர்கள்.

தனுஷ்கோடி

இந்தக் கடலோரத்தின் பாலை முகம் இதுதான். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை ஏறக்குறைய 20 கிலோமீட்டர்; 2017-ல் முனை வரை தார்ச்சாலை வந்தபின் ஜீப்பும் வேனும் மணலில் தத்தளித்த காலம் முடிந்தது. காலையில் சோதனைச் சாவடி திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் மணல் கால் வைக்க முடியாமல் சுடும், நிழல் என்று ஒரு மரம் கிடையாது. மாலையில் இருட்டுமுன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இரவு தங்கவோ கூடாரம் போடவோ முடியாது. ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கையோடு வேண்டும்.

வண்டியைத் தாரை விட்டு இறக்காதீர்கள். ஓரத்தில் கெட்டியாகத் தெரியும் மணல் மேல் ஓடு மட்டும்தான், கீழே பொடி. சிக்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தோண்டிக்கொண்டே போகும். நிறுத்தி, டயர் காற்றை 18 அல்லது 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்துக்கு முன் மணலைக் கையால் வாரி, கால் மிதியடியை அணைகொடுத்து இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். தாருக்கு வந்ததும் மெதுவாக ஓட்டி, முதல் பங்க்கிலேயே காற்றைத் திரும்பப் பிடியுங்கள். கச்சான் மாதங்களில் மணல் சாலை மேலேயே அடித்துக் குவியும். இருசக்கர வண்டி வளைவில் வழுக்கும். சைக்கிளில் வருபவர்களுக்குக் கருவை முள்ளுக்கான பஞ்சர் சாமான் கட்டாயம். ஊருக்குத் திரும்பியதும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள், உப்புக்காற்று இரண்டே நாளில் துரு ஏற்றிவிடும்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரை அருகில் நின்று பாருங்கள். பவளக்கல் சுவர். மூளையின் மடிப்புப் போலச் சுழித்த கோலமும் பூப்பூவான குழிகளும் கல்லில் அப்படியே இருக்கின்றன. கடலில் இறங்காதவர்களும் பவளத்தின் அமைப்பைத் தொடும் தூரத்தில் பார்க்கலாம். தொடாமல் பாருங்கள், உதிர்கிறது. மணல் மேட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த இடத்தில் நடக்க வேண்டாம். மணலைக் கட்டிப் பிடித்திருப்பவை அவைதான். இராவணன் மீசையின் ஊசி நுனி செருப்புக்குள்ளும் ஏறும். சுற்றிலும் உப்புநீராக இருந்தும் இங்குள்ள மக்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பதைக் காணலாம். மழைநீர் எடை குறைவு என்பதால் மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதனால்தான் ஊற்று ஆழமாக இருக்காது. ஆழம் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அந்த ஊற்றுகளில் காலோ கையோ கழுவுவது அவர்கள் குடத்தில் எச்சில் துப்புவது போல.

அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது. வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். அந்தப் பெயரை நம்பிப் பெண்கடலில் இறங்குபவர்கள் வாடையில் ஏமாறுவார்கள். எந்தப் பருவமானாலும் முனையில் இரண்டு ஓட்டமும் மோதி அடிமணலை அரித்துக்கொண்டே இருக்கும். கால் நிற்கும் திட்டு திடீரென உள்வாங்கும். கரையில் நின்று பார்த்தால் போதும். கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள் என்பதால் இலங்கை சிக்னலைப் பிடித்துவிடும். ட்ரோன் கொண்டுவர வேண்டாம். எல்லைக் கடல், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம்; பறிமுதலோடு முடியாது.

தை முதல் பங்குனி வரை கோதண்டராமர் கோயிலை ஒட்டிய உப்பங்கழியில் பூநாரைகள் இறங்கும். இந்தப் பகுதியை 2025-ல் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. சாலையிலிருந்தே பாருங்கள், எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண் தொலைநோக்கி போதும். சேற்றில் இறங்கி நெருங்கினால் கூட்டம் முழுக்க எழும்பிவிடும், அலைச்சலில் அவை இழக்கும் தீனி நேரம் திரும்ப வராது.

கொட்டினால், குத்தினால்

சொறிமீன், அதாவது ஜெல்லி மீன், பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலால் தேய்க்காதீர்கள். தோலில் ஒட்டிய வெடிக்காத கொட்டு அறைகள் எல்லாம் அப்போதுதான் வெடிக்கும். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் நூலைச் சாமணத்தால் எடுத்து, தாங்கும் அளவு சுடுநீரில் முக்குங்கள். திருக்கை முள்ளுக்கும் சுடுநீர்தான், ஏறக்குறைய 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை. சூடு அந்த நஞ்சைச் செயலிழக்கச் செய்யும். காலின் உணர்ச்சி மரத்திருக்கும் என்பதால் குத்தாத காலை முதலில் விட்டுச் சூடு பாருங்கள். முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆழமில்லாத மணற்பரப்பில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் திருக்கை முன்கூட்டியே விலகிவிடும். மூச்சுத் திணறலோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் 108. கடலில் சிக்கினால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. கைப்பேசியில் பதிந்துவிட்டுப் படகு ஏறுங்கள்.

தங்கலும் வாங்கலும்

கடலுக்காக வருபவர்கள் ராமேஸ்வரத்தைவிட மண்டபத்திலோ பாம்பனிலோ தங்குவது நல்லது. குந்துகால் பக்கம், அரியமான் பக்கம், ஏர்வாடி போகவும் சுருக்கம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிக்கூடத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள். பெயரும் உருவமும் மனதில் பதிந்தபின் கடலில் பார்த்தால் அடையாளம் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்புவது. கப்பல் கடக்கும் நாளாக அமைந்தால் சாலைப் பாலத்திலிருந்து தெரியும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாமல், கரையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை கூடுதல், ஆனால் அன்றன்றைக்குப் பிடித்தது. தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் மீனைப் பொரிக்கும் முன் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பு என்றால் அடுத்த கடை. மாசி முதல் பதநீரும் நுங்கும் சாலையோரம் கிடைக்கும். வெயிலுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை.

சங்குக் கடைகளில் பவளத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை எதுவும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் இவை முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பட்டியல். பை சோதனையில் சிக்கினால் "கடையில்தான் வாங்கினேன்" என்பது பதில் ஆகாது. கரையில் ஒதுங்கிய வெள்ளைப் பவளக்கல்லைப் பொறுக்கிப் போவதும் இதில் சேர்த்திதான். குழந்தைகள் கையில் இருப்பதை வண்டி ஏறும் முன் பார்த்து, எடுத்த இடத்திலேயே போடச் சொல்லுங்கள்.